காந்தம் சொன்ன தீர்ப்பு

பழைய கார்கள் விற்கிற இடத்துக்கு மாசிலாமணி ஒரு காந்தத்தோடு வந்தார். கார் உடம்பில் அதை வைத்தால் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால், அடிபட்ட இடத்தைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெள்ளி நிறச் சொகுசு காரில் எங்கே வைத்தாலும் காந்தம் வழுக்கி விழுந்தது.

“உடம்பு முழுக்கப் பட்டிதான்,” என்றது காந்தம்.

“என் மேல் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. நான் அலுமினியம். உனக்கு இரும்பை மட்டும்தானே தெரியும்?” என்றது கார்.

“என்னிடம் ஒட்டாத எதையும் நான் நல்லது என்று சொன்னதே இல்லை.”

மாசிலாமணி பக்கத்தில் நின்ற இரும்புக் காரை வாங்கினார். காந்தத்தை அதன் கதவிலேயே ஒட்டவிட்டு ஓட்டிப் போனார்.

சில மழைக்காலங்கள் கழித்து அந்தக் கார் விற்பனைக்குத் திரும்பி வந்தது. கதவைத் துரு தின்றிருந்தது. உதிர்ந்த செதில்கள் அப்பி, காந்தம் இருக்கும் இடமே தெரியவில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் காந்தத்தோடு வந்ததால், வெள்ளிக் கார் புதுசு மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

துருவுக்குள்ளிருந்து காந்தம் அதைப் பார்த்துச் சொன்னது: “பார், நான் நல்லது என்று சொன்னது எதுவும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.”