தொலைந்துபோன போல்ட்

"அம்மணி, போல்ட்டைப் பாத்தியா?" காருக்கு அடியிலிருந்து ஜெரோம் கத்தினான்.

"இல்லைங்களே" என்றாள் அன்புக்கரசி.

பழைய ஆட்டோமேட்டிக் கார். கியர் சறுக்குகிறதென்று காலையில்தான் கியர் ஆயிலை வடித்திருந்தான். அடிப்போல்ட்டை மாட்டாமல் புது ஆயிலை ஊற்ற முடியாது, ஆயில் இல்லாமல் கார் நகராது. காரமடையில் அன்று பஸ் ஸ்ட்ரைக், டாக்சியும் ஓடவில்லை. கோவையில் மூன்று மணிக்கு பம்பாய் ரயில். அதை விட்டால் துபாய் வேலை போய்விடும்.

கல்யாணமாகி இருபத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

வாசலில் பெட்டியோடு நின்ற மாமனார் சலித்துக்கொண்டார். "துபாய்ல அத்தனை பெரிய மிசினு ஓட்டறீங்க. ஒரு போல்ட்டைப் பத்திரமா வெக்கத் தெரியலீங்களே மாப்ள."

"இங்கதானுங்க மாமா வெச்சேன்." ஜெரோம் மண்ணைச் சலித்தான், கோழிக்கூட்டுக்குள்ளும் கைவிட்டுத் துழாவினான்.

மணி ஒன்றாயிற்று. அவன் தவிப்பைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் குனிந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நாந்தானுங்க ஒளிச்சு வெச்சேன். உங்களை அனுப்ப மனசு வரலைங்க."

ஜெரோம் போல்ட்டை வாங்கவில்லை.

"நீ எடுத்தப்பவே பாத்துட்டேன். மெதுவாப் பேசு கண்ணு, உங்கப்பாவுக்குக் கேட்டுறப் போகுது" என்றான். "ரயிலு போற வரைக்கும் நீயும் கூடத் தேடு."