கண்ணில் தைத்த தங்கம்

கண்ணுக்குள் வளர்ந்த கட்டியைக் கதிர்வீச்சால் கருக்க, கதிரியக்க மணிகள் பதித்த, பொத்தான் அளவுத் தங்கத் தகடு ஒன்றை என் வலது விழியோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஐந்து நாள் யாரும் கிட்டே வரக்கூடாதாம். அதனால் என் மனைவி வாசலருகே, தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். காலை வெயில் அவள் மூக்குக்கண்ணாடியில் பட்டு விட்டத்தில் துள்ளுகிறது. “ஒரு ஜோடி கம்மல் கேட்டு முப்பது வருஷமாச்சு. நீங்க கண்ணுலயே போட்டுக்கிட்டீங்க.” “இந்தக் கண்ணு இப்ப சுவரையே ஊடுருவுது. பக்கத்து ரூம்காரர் கனவுல ஆனை ஓட்டுறார்” என்கிறேன். அவள் சிரிக்கவில்லை. “பார்வை போயிட்டா என்னங்க பண்றது?” “ஒத்தைக் கண்ணு போதும்டி. ரெண்டாலயும் பாத்தா உன் அழகு கூசுது.” சிரித்தபடி நாற்காலியை முன்னே இழுக்கிறாள். “அம்மா, கோடு!” என்று நர்ஸ் அதட்டுகிறார். நாற்காலி ஒரு விரற்கடை பின்வாங்குகிறது. அதன் முன்கால்கள் இரண்டும் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கின்றன.