பதினான்காவது நகர்த்தல்

எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் மறுபடியும் இடது காதைத் தொட்டாள். இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெயிப்பவருக்குத் தேசிய அணியில் இடம். ஆறு வருஷமாக இரண்டாம் இடத்திலேயே குப்பை கொட்டியவனுக்கு வந்து வாய்த்த எதிராளி, வார்டு வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்த ஒரு புதுமுகம்.

அவன் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை நகர்த்தியதும் அவள் சிசிலியன் தற்காப்பு ஆட்டத்தில் இறங்கினாள். அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சிசிலியனை எப்படி உடைப்பதென்று இரண்டு மாதமாக மண்டையைப் போட்டுக் குடைந்திருந்தான். ஆனால் ஒன்றும் பலிக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் அவள் கதவைச் சாத்தினாள்.

பதினான்காவது நகர்த்தலில், குதிரையைப் புறப்பட்ட கட்டத்துக்கே திருப்பி வைத்தாள். 'கத்துக்குட்டி!' என்று நினைத்துச் சிரித்தபடி அவன் எழுந்து கழிப்பறைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவனுடைய யானை போனது, ராணி மூலையில் முடங்கியது. அவளோ காதைத் தொடுவாள், காயை நகர்த்துவாள், கடிகாரத்தைத் தட்டுவாள். அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான்.

"சார், இவங்க காதுல ஏதோ வெச்சிருக்காங்க. செக் பண்ணுங்க!"

நர்ஸ் மறுபேச்சு பேசாமல் காதிலிருந்து எடுத்து நடுவரின் உள்ளங்கையில் வைத்தாள். சின்னப் பஞ்சு உருண்டை.

"ரெண்டு நாளா காதுவலி சார். மருந்து போட்டிருக்கேன்."

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"பஞ்சு இல்லேன்னா வேற ஏதாவது இருக்கும்! இது இவங்க சொந்த ஆட்டமே இல்ல சார்."

"தோக்குறப்போ எல்லாரும் சொல்றதுதான். ஆதாரம் இருக்கா?"

"இருக்கு! பதினாலாவது மூவைப் பாருங்க. நல்லா வெளிய வந்து நிக்கிற குதிரையைத் திரும்ப வீட்டுக்கே இழுத்துட்டுப் போறாங்க. எந்த மனுஷனுக்காவது அப்படித் தோணுமா? ஆனா கம்ப்யூட்டர் எடுத்த எடுப்புல காட்டுறது அந்த மூவைத்தான்!"

நடுவர் பஞ்சை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு அவன் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஆட்டத்துக்கு நடுவுல அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது, தம்பி?"