வலப்பக்கத்து இருதயம்

“ஒரு இருதயம் தாங்க அக்கா” என்று கேட்டவளின் கை வலப்பக்கம் போனதை ஜூலியானா பார்த்துவிட்டாள்.

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவில் கல்யாணம் கட்டி வந்த வருசத்திலிருந்து கடை போடுகிறவள் அவள். வெள்ளித் தகட்டில் வெட்டிய கண், காது, கை, கால், தொட்டில், வள்ளம். எது சுகமாக வேண்டுமோ அதை வாங்கி அன்னம்மாளின் காலடியில் வைத்து நேர்ந்துகொள்ளலாம்.

சண்டை முடிந்த பிறகு வடக்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வருகிறது. கால்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.

ஒன்றே ஒன்று மட்டும் அவளுடைய பெட்டியில் கிடையாது. தகடு வெட்டுகிறவன் அதை வெட்ட மாட்டான். சுவாமியார் வைக்க விட மாட்டார். வேண்டியவளுக்கும் கேட்க வாய் வராது.

அதனால் மார்பில் கட்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் இருதயம்தான் கேட்பார்கள்.

உண்மையான நெஞ்சு நோவுக்காரர் நடு நெஞ்சைத் தடவிக்கொண்டு, வந்த கதை போன கதை எல்லாம் சொல்வார்கள். இவர்களுடைய கை ஓரமாய்ப் போகும். சுட்டதுபோலத் திரும்பிவிடும். வாய் விலையை மட்டும் கேட்கும்.

போன வருசம் அப்படி ஒருத்திக்கு ஜூலியானா விற்றாள். ஏற்றி, இறக்கி, சிரிக்க வைத்து, நல்ல லாபத்துக்குத்தான் விற்றாள். இந்த வருசம் அவளுடைய தங்கச்சி மட்டும் வந்தாள், கறுப்பு உடுத்திக்கொண்டு. கடைப்பக்கம் திரும்பாமல் போனாள்.

அன்றோடு, அப்படிக் கேட்கிறவர்களுக்கு இருதயம் விலைக்கில்லை என்று ஜூலியானா முடிவெடுத்துவிட்டாள்.

“எவ்வளவு நாளாய்?” என்றாள், குரலைத் தாழ்த்தி.

வந்தவள் உச்சமுனைக்காரி, டொறத்தி. விலை குறைக்கக் கச்சை கட்டிக்கொண்டு வந்தவளுக்கு இந்தக் கேள்வி எதிர்பாராதது. கண் கலங்கிவிட்டது.

“சோளகக் காத்து தொடங்க முன்னமே, அக்கா. சின்னனாய்த்தான் இருந்தது. வலியுமில்லை. இப்ப காம்பு உள்ளுக்கு இழுக்குது.”

“டொக்டரிட்டக் காட்டினதா?”

டொறத்தி கடற்கரைப் பக்கம் திரும்பினாள்.

அங்கே அவளுடைய புருசன் சூசைப்பிள்ளை நின்றான். திருவிழாவுக்கு வந்த ஆம்பிளைகள் எல்லாம் வெறும் மேலோடு கடலில் விழுந்து எழும்ப, இவன் மட்டும் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் தேர்தலுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான்.

“முதல்ல நேர்த்தி வைப்பமாம். பிறகு பாப்பமாம். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊர் சிரிக்குமாம்.”

ஜூலியானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளத்து எஞ்சின் ஒரு தரம் இருமினால் அன்றைக்கே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கற்பிட்டிக்குத் திருத்த ஓடுகிற ஆக்கள். வீட்டில் ஒரு உயிர் ஊசலாடுகிறது, துரைக்கு மானம் போகிறதாம்!

இருதயத்தை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

“ஒரு பேரம் சொல்லுறன், பிள்ளை. சிலாபம் ஆஸ்பத்திரியில காட்டிட்டு, அவங்கள் எழுதித் தாற துண்டோட வா. இதைச் சும்மா தாறன். காட்டாமல் வந்தியெண்டா, பொன்னைக் கொட்டினாலும் தரமாட்டன்.”

பிறகு கடற்கரைக்கே கேட்கும்படி குரலை எடுத்தாள்.

“தம்பி, இஞ்ச வாங்க! பொஞ்சாதியை மண்ணுக்குள்ள வைச்சிட்டு ஆரிட மானத்தைக் காப்பாத்தப் போறீங்க?”

டொறத்தி பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

“கத்தாதீங்க அக்கா. எனக்கில்லை. அவருக்கு.”

சூசைப்பிள்ளை அதற்குள் கிட்ட வந்துவிட்டான். கட்டியிருந்த கை தளர்ந்தது. சட்டைப் பை இல்லாத பக்கத்தில், துணி உடம்போடு ஒட்டி, பழுப்பாய் ஒரு ஈரப் பொட்டு.

“வலை இழுக்கவும் சட்டையோடதான் போறார்” என்றாள் டொறத்தி. “மாப்பிள்ளை வாறார் எண்டு பொடியங்கள் பகிடி பண்ணுறாங்கள்.”

அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆம்பிளைக்கு இது வருமா அக்கா?” அத்தனை பெரிய உடம்பிலிருந்து அத்தனை சின்னக் குரல் வந்தது. “பொம்பிளையளிட வரிசையில போய் நான் என்னெண்டு நிக்கிறது?”

ஜூலியானா பொத்தியிருந்த இருதயத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். ஆம்பிளைக்கு வருமா என்று அவளுக்கென்ன தெரியும்? இழுக்கிற காம்பும் கசிகிற நீரும் நல்லதுக்கில்லை என்பது மட்டும் தெரியும்.

அவனுக்குப் புத்தி சொல்வதில் பலனில்லை. பயந்தவனிடம் விற்கக்கூடிய சரக்கு வேறு.

“தம்பி, கை போற போக்கைப் பார்த்தே ஆருக்கு என்ன வருத்தமெண்டு சொல்லுறவள் நான்” என்றாள். “நானே இவளுக்கெண்டுதானே நினைச்சன். சிலாபத்து வரிசையில நிக்கிற சனம் என்னைவிடக் கெட்டிக்காரரா?”

சூசைப்பிள்ளை விளங்காமல் விழித்தான்.

டொறத்திக்கு விளங்கிவிட்டது. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள். ஜூலியானாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் வாங்கவுமில்லை. ஒரு கையைத் தன் வல மார்பின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கடைத்தெருவின் நட்டநடுவே, எல்லோரும் பார்க்க, சிலாபம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

சனம் பார்த்தது. பாவம் என்று வழி விட்டது.

கொஞ்சம் பொறுத்து, சுகமில்லாத பெண்சாதிக்குத் துணை போகிற புருசனைப்போல, சூசைப்பிள்ளை அவளுக்குப் பின்னால் போனான்.