மூணு மணி சலுகை

"மேடம், இந்த ஆபீஸ்ல சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

மேனேஜர் மேடத்தின் அறைக்குள் வந்து இப்படிக் கேட்டவன் விற்பனைப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஆபீஸ் முழுக்க அவனுக்கு ரேடியோ என்றுதான் பேர். காரணம் சொல்லத் தேவையில்லை.

"விஷயத்துக்கு வாப்பா."

"சர்வர் ரூம் ஜில்லு சார் இருக்காரே, நம்மள்ல யாரையாவது உள்ளே விடறாரா? கதவைத் தொட்டாலே கத்தறார். ஆனா கணக்குப் பிரிவு மேடம் மட்டும் தினமும் மூணு மணிக்கு உள்ளே போறாங்க. முழுசா கால் மணி நேரம்! இவர் வாசல்ல நின்னு காவல் காக்கறார். அவங்க உள்ளே ஏசியில ஜம்முனு ஒரு தூக்கம் போடறாங்க போல. ஹால்ல நாங்க வெந்துக்கிட்டு இருக்கோம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அவரால் நம்பத்தான் முடியவில்லை.

ஜில்லு சார் அப்படிப்பட்ட ஆளா என்ன? அந்த சர்வர் ரூமைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். நீல ஒயர் எல்லாம் ஒரு பக்கம், மஞ்சள் ஒயர் எல்லாம் இன்னொரு பக்கம், தலை வாரிப் பின்னிவிட்ட மாதிரி இருக்கும். தரையில் ஒரு தூசி பார்க்க முடியாது. செருப்பை வெளியே விட வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு ஆளுக்கு மேல் உள்ளே கூடாது. "மனுஷ உடம்பும் ஒரு ஹீட்டர்தாங்க" என்பார். காபி கப்போடு வந்த குற்றத்துக்காக மேனேஜர் மேடத்தையே வாசலில் நிறுத்தியவர் அவர். மேடமும் மடக் மடக்கென்று குடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். அந்தக் கறார் இருந்ததால்தான் அந்த ஆபீஸில் ஒரு நாள்கூடக் கம்ப்யூட்டர் படுத்ததில்லை.

அந்த மனுஷனா சலுகை காட்டுகிறார்?

மூணு மணிக்கு மேனேஜர் மேடம் சர்வர் ரூமுக்குக் கிளம்பினார். ரேடியோவும் கூடவே ஒட்டிக்கொண்டான்.

காரிடாரில் ஏசி கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, துடைத்த கண்ணாடிக் கதவையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார் ஜில்லு சார்.

"உள்ளே யாரு?"

பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். பாவம், பொய் சொல்ல வராத மனுஷன்.

"கணக்குப் பிரிவு மேடம்."

"அவங்களுக்கு இங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு உள்ளே விட்டீங்க?"

"அதைச் சொல்ல முடியாது மேடம்."

"பார்த்தீங்களா!" என்று குதித்தான் ரேடியோ.

"நீ சும்மா இரு. சார், கடைசியா கேக்கறேன். காரணத்தைச் சொல்லுங்க. இல்லைன்னா சாவியைக் கொடுங்க. நாளையிலேர்ந்து வேற ஆள் இந்த ரூமைப் பார்த்துக்கட்டும்."

ஜில்லு சாரின் முகம் தொங்கிவிட்டது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஒயரும் அவர் கையால் இழுத்துக் கட்டியது. லீவில் வெளியூர் போனாலும், "இப்ப உள்ளே எத்தனை டிகிரி?" என்று போன் போட்டுக் கேட்கிறவர். இந்த ரூமும் போய்விட்டால் அவர் என்னதான் செய்வார்?

இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினார். அதை ஒரு தரம் ஆசையாகப் பார்த்தார். ஆனாலும் நீட்டிவிட்டார்.

"என் வாயால சொல்ல மாட்டேன் மேடம். மன்னிச்சுக்குங்க."

கண்ணாடி வழியாகச் சாவி கைமாறுவதைப் பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார் கணக்குப் பிரிவு மேடம்.

"அவர்கிட்டேர்ந்து சாவியை வாங்காதீங்க மேடம்! நானே சொல்றேன். மறைக்க என்ன இருக்கு? எனக்கு மெனோபாஸ். உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு முழுக்கக் குப்புனு அனல் ஏறுது, வேர்த்துக் கொட்டுது. ஒரு நாள் பாத்ரூம்ல முகத்தைக் கழுவிக் கழுவி, அழுதுட்டே வெளியில வந்தேன். வேலையை விட்டுடலாம்னே முடிவு பண்ணிட்டேன். இவர்தான் பார்த்துட்டு, 'எங்க அக்காவும் இப்படித்தான் தவிச்சாங்க. மூணு மணிக்கு வந்து குளிர் காத்துல கொஞ்சம் நில்லுங்க, யார்கிட்டயும் சொல்ல வேணாம்'னார்."

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"உள்ளே ஒருத்தர்தான் இருக்கணும்னு இவரோட சட்டம். அதனால நான் உள்ளே போனா இவர் வெளியே வந்துடுவார். எனக்குப் பதிலா தினமும் இவர் வேகறார் மேடம்!"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முதல் நாள் தெரியாத்தனமா சர்வர் மெஷினுக்குப் பின்பக்கம் போய் நின்னுட்டேன். சூடெல்லாம் அந்தப் பக்கம்தான் தள்ளுமாமே! அடுப்புல ஏறி உட்கார்ந்த மாதிரி ஆயிடுச்சு. 'அய்யய்யோ, முன்பக்கம், முன்பக்கம்'னு இவர் கண்ணாடியைத் தட்டறார்!"

ஜில்லு சாரும் சிரித்துவிட்டார். ரேடியோவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கே மேடம். நடவடிக்கை எடுக்க வேணாமா?"

"கண்டிப்பா எடுக்கணும்" என்றார் மேனேஜர் மேடம்.

சாவியை ஜில்லு சாரின் கையிலேயே திருப்பி வைத்தார். கணக்குப் பிரிவு மேடத்தின் தோளில் தட்டிக்கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய், நேராக மெஷினின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"கதவைச் சாத்துங்க ஜில்லு சார். எனக்கும் ஐம்பத்தொண்ணு ஆகுது!"