தீர்ந்துபோன கண்டிஷனர்

"ஷாம்பூ அப்படியே இருக்கு. கண்டிஷனர் மட்டும் எப்படிங்க தீருது?" என்று மனைவி கேட்டாள்.

கணவன் தடுமாறினான். "நான்தான் தலைக்குப் போட்டேன்."

"ஷாம்பூவுக்குப் பதிலாவா? உங்க தலையில ஒரு முடிகூட இல்லையே!"

குளியலறை வாளியில் அவளுடையதைவிட நீளமான முடி வேறு கிடந்தது. அதை எடுத்துக் காட்டினாள். "மரியாதையா சொல்லுங்க, யார் தலைக்கு?"

"உங்கம்மா தலைக்கு. இங்க வந்ததுலேருந்து படுத்த படுக்கையா இருந்து ஒரே சிக்கு. வீட்டுக்கு வர்ற நர்ஸ் ஒட்ட வெட்டிடலாம்னாங்க. அத்தை அழுதுட்டாங்க. ஷாம்பூ போட்டா இன்னும் சிக்காகுமாம். அதான் நீ ஆபீஸ் போனதும் கட்டில் பக்கத்துல வாளி வச்சு இதைப் போட்டு அலசி, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விடுறேன்."

அவளுக்கு இன்னும் குழப்பம். "நம்ம கல்யாணத்துலேருந்து அம்மா உங்ககூடப் பேசினதே இல்லையே?"

"இப்பவும் பேசல. ஆனா இன்னிக்கு சீப்பை அவங்களே எடுத்து நீட்டினாங்க."