கோதுமை நுழையாத கூடாரம்

“மஹ்ஜூபா, ரொட்டியை வெளியிலயே வெச்சிட்டு வா.”

தெக்பர் குரலை உயர்த்தவில்லை. ஒரு மாதமாக இதையே சொல்லிச் சொல்லி, கோபப்படக்கூட அலுத்துப் போயிருந்தது அவளுக்கு.

நாத்தனார் மஹ்ஜூபா முகத்தைச் சுளித்தாள். “நல்லா இருக்கு அண்ணி! உங்க பொண்ணு ஸ்பெயின்லேர்ந்து சாயங்காலம்தானே வர்றா? அதுக்குள்ள என் ரொட்டி அவளை என்ன பண்ணிடும்?”

“துகள் விழும்.”

“ஆமா, துகள்! இந்தப் பாலைவனத்துல மணலையும் பொறுக்கிக்கிட்டு உட்காருங்க.”

மஹ்ஜூபா ரொட்டியை வாசலில் நின்ற ஆட்டுக்குப் போட்டாள். முக்காட்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அகைலாவுக்கு எட்டு வயது. எங்கள் அகதி முகாமின் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் அவளும் வெயிலுக்குத் தப்பி, இரண்டு மாதம் ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போனாள். போய் ஒரு மாதம் ஆவதற்குள் அந்த வீட்டுக்காரி மைத்தே போன் செய்தாள். பிள்ளைக்கு சீலியாக் என்ற வியாதியாம். கோதுமையும் பார்லியும் அவள் குடலுக்கு விஷமாம். வயிறு உப்பியது, கால் குச்சியானது, எல்லாம் அதனால்தானாம்.

இந்த முகாமில் நிவாரணமாக மூட்டை மூட்டையாக வருவதே கோதுமை மாவுதான். அந்த விஷத்தைத் தன் கையாலேயே பிசைந்து, சுட்டு, பிய்த்து ஊட்டியவள் தெக்பர். அவள் அன்றைக்கு அழவில்லை. மாவு மூட்டையை இழுத்து வெளியே தள்ளினாள். சட்டி பானையையெல்லாம் மணல் போட்டுத் தேய்த்தாள். பிள்ளை வருவதற்குள் பழகிக்கொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்து கூடாரத்தில் எல்லாருக்கும் அரிசிதான், சோளம்தான்.

இந்த வியாதிக்காரர்களுக்கென்று தனி மாவு உண்டு. வந்தால்தான் உண்டு. ரேஷன் அட்டை எங்களிடம் பெண்கள் பேரில்தான் இருக்கும் என்பதால், போன வாரம் தெக்பர்தான் நிர்வாக அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். காலையில் போனவள் மதியத்துக்கு மேல் வெறுங்கையோடு திரும்பினாள்.

அவள் புருஷன் லஹ்பீபுக்கு மாவைப் பற்றிக் கவலை இல்லை. அவன் பயம் வேறு.

“அந்த ஸ்பெயின்காரி ஒழுங்கா அனுப்பிடுவா இல்ல?” என்றான், காலையிலிருந்து பத்தாவது முறையாக. “எம்புள்ளை மேல அவளுக்கு ரொம்பத்தான் பாசம். போன்ல எந்நேரமும் கொஞ்சறா.”

“அதைச் சொல்லுண்ணா!” மஹ்ஜூபாவுக்கு அவல் கிடைத்துவிட்டது. “கிழக்கு வரிசையில ஒருத்தி பொண்ணை இப்படித்தான் வைத்தியம் அது இதுன்னு நிறுத்திக்கிட்டாங்க. மூணு வருஷமாச்சு. பெத்தவ போன் பண்ணினா, இப்ப நம்ம பேச்சே அவளுக்கு வரலையாம்!”

“வாயை மூடு. என் பொண்ணு இன்னிக்கு ராத்திரி என் பக்கத்துலதான் தூங்குவா” என்று சீறினான் லஹ்பீப்.

தெக்பர் ஆட்டுக்கறியும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். ஒரே பெரிய தட்டு. எல்லாரும் அதில்தான் கைவைக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். தனித்தட்டு போட்டால் சாப்பிட வந்தவரை விரட்டுவதாக அர்த்தம். மஹ்ஜூபா, துடைத்த கையோடு அப்படியே சோற்றைப் பிசைந்தாள். லஹ்பீப் நல்ல கறித்துண்டாகப் பார்த்துத் தங்கைப் பக்கம் தள்ளினான்.

தெக்பர் சாப்பிடவில்லை. நாத்தனாரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மைத்தே என்ன சொன்னா? எத்தனை கிலோ ஏறியிருக்காளாம்?” என்றான் லஹ்பீப்.

“மூணு.”

“பாத்தியா! அதே மாதிரி நீயும் பாத்துக்கமாட்டியா என்ன?”

அவள் தேநீர்க் கிளாஸ்களை எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பஸ்கள் வந்து நின்றதும் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. கொழுகொழுவென்று பிள்ளைகள், தங்களைவிடப் பெரிய பைகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஒவ்வொரு பஸ்ஸாக ஓடினான் லஹ்பீப். கடைசி பஸ்ஸில் ஏறி, சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கியபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

பிள்ளைகளின் பட்டியலோடு நின்ற நிர்வாக அலுவலகத்துச் சித்தாத்தி தயங்கித் தயங்கிச் சொன்னான். “அகைலா வரலைண்ணே. வைத்தியத்துக்காக அங்கயே தங்கறா. இப்போதைக்கு ஒரு வருஷம்னு எழுதியிருக்கு. இதோ பேப்பர்.”

லஹ்பீப் அதைப் படிக்கக்கூட இல்லை. பிடுங்கிக் கசக்கினான். “திருடி! எம்புள்ளையைத் திருடிட்டா! பெத்தவன் நான் இங்க குத்துக்கல்லா உயிரோட இருக்கேன், யாரைக் கேட்டு நிறுத்தினா?”

“நான் அப்பவே சொன்னேன்ல!” என்று மாரில் அடித்துக்கொண்டாள் மஹ்ஜூபா. அக்கம்பக்கத்துப் பெண்களின் குலவை ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் தெக்பரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்றைக்கு வலிக்கும் என்று அவள் நினைத்திருந்தாள், வலிக்கவில்லை.

“போன் போடு அந்தத் திருடிக்கு!” லஹ்பீப் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “இப்பவே போடு!”

தெக்பர் அவன் கையை மெதுவாக விலக்கினாள்.

“அவ திருடலை, லஹ்பீப். மாவு கிடைக்காம வெறுங்கையோட வந்த அன்னிக்கே நான்தான் வெச்சுக்கச் சொன்னேன்.”